கச்சான் வெயிலைத் தாங்கும் காவல் நாய் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கணவன் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்ய, வயதான தாயையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பெண்கள் தனியே வீட்டைப் பார்க்கும் குடும்பங்கள் மட்டக்களப்பில் ஏராளம். காவலுக்கு ஒரு நாய் வேண்டுமென்று அவர்கள் நினைப்பது நியாயமே. ஆனால் உடனே விசாரிப்பது, அல்சேசன் குட்டி எங்கே எடுக்கலாம், றொட்வைலர் என்ன விலை என்பதைத்தான். பகல் இரண்டு மணிக்கு அந்த நாய் எங்கே படுத்திருக்கும், அதைப் பிடித்து நடத்தப்போவது யார் என்பவற்றை முதலில் யோசிக்க வேண்டும்.

வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று அனலாக வீசும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் அது பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் மூக்குச் சப்பையான பக், புல்டோக் போன்றவை இந்த ஊருக்கு ஒத்துவராது; மூச்சு விடுவதே அவற்றுக்குப் பாடு. அல்சேசனுக்கு உள்ளே பஞ்சு போன்ற ஒரு படையும் வெளியே நீள உரோமமுமாக இரண்டு அடுக்கு. சூடென்று சொல்லி அதை ஒட்டச் சிரைப்பது தவறு. வெளி உரோமம் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. சீப்பால் வாரி எடுக்க வேண்டியது உள்படையைத்தான். தகரக் கூரையும் சீமெந்துத் தரையுமாகக் கட்டும் நாய்க்கூடு நண்பகலில் அடுப்பாகிவிடும். வேம்பு அல்லது மாமர நிழலில், கிடுகு வேய்ந்து, மாரி வெள்ளம் ஏறாதபடி தரையை ஓர் அடி உயர்த்திக் கட்டுங்கள். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். அது 41ஐத் தாண்டினால் உயிர் ஆபத்து. நாக்கு கடும் சிவப்பாகி, எச்சில் பசைபோல் வடிந்து, நடை தள்ளாடினால் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியின் கீழ் வைத்து, பிறகு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது பிடிப்பவரின் பலம். வளர்ந்த ஆண் றொட்வைலர் 50 கிலோ வரும். வீதியில் இன்னொரு நாயைக் கண்டு அது பாய்ந்தால் அம்மம்மாவால் மட்டுமல்ல, இளம் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. பயிற்சி கொடுக்கத் தெரிந்த, தினமும் நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அந்த இனத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. டொபர்மனின் குட்டை உரோமம் வெயிலுக்குப் பரவாயில்லை. ஆனால் இதயத்தசை பலவீனமடையும் நோய் அந்த இனத்தில் அதிகம். அல்சேசன் புத்திசாலி, குடும்பத்தோடு ஒட்டும். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதால் தாய், தந்தை நாய்களின் நடையைப் பார்க்காமல் குட்டி வாங்கக்கூடாது. லாப்ரடோர் பிள்ளைகளுக்கு நல்ல தோழன், ஆனால் கள்ளனுக்கும் வாலாட்டும். பொமரேனியன் சிறிய சத்தத்துக்கும் குரைக்கும், காவலுக்கு அதுவே பாதி வேலை. கடிப்பதல்ல, நேரத்துக்குக் குரைத்து வீட்டாரை எழுப்புவதுதான் வீட்டு நாயின் தொழில்.

சாப்பாட்டுக் கணக்கையும் பாருங்கள். 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். 35 கிலோ அல்சேசனுக்கு 1,600. வெறும் சோறும் மீன்குழம்பும் இந்தத் தேவைக்குப் போதாது. குழம்பின் உப்பும் வெங்காயமும் கெடுதல். பெரிய இனக் குட்டிக்குச் சோறும் இறைச்சியும் மட்டும் கொடுத்தால் கல்சியம் குறைந்து கால் வளையும். அதற்குப் பயந்து கல்சியம் மருந்தை அளவில்லாமல் கொடுத்தாலும் எலும்பு கோணும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த உணவை வளர்ச்சி முடியும்வரை வாங்க வசதி இருக்கிறதா என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

இவ்வளவையும் பார்த்தபின் கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு சாதாரண குடும்பத்துக்கு நான் சொல்லும் விடை ஊர் நாய்தான். இந்த மண்ணின் சூட்டுக்குப் பழகிய குட்டை உரோமம், பிடித்து நடத்தக்கூடிய எடை, கூர்மையான காது. பணம் கொடுக்கவும் தேவையில்லை. வீட்டில் வளரும் தாய்நாயின் குட்டியாக, எட்டுக் கிழமை நிறைந்ததாகப் பார்த்து எடுங்கள். அதற்கு முன் பிரித்தால் கடியின் அளவைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்றிருக்காது. தாய்நாயிடம் நீங்கள் போகும்போது அது நடுங்கினாலோ சீறினாலோ வேறு இடம் தேடுங்கள். குட்டியின் முரசு (பல் ஈறு) இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உண்ணியோ கொழுக்கிப் புழுவோ இரத்தம் குடிக்கிறது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தாலும் புழுதான். பின்னால் நின்று கைதட்டினால் திடுக்கிட்டு, பிறகு என்னவென்று பார்க்க வருவதே நல்ல குட்டி. மூலையில் ஒளிந்து வெளியே வராதது பின்னாளில் பயத்தால் கடிக்கும்.

பெண் குட்டி வேண்டாமென்று கடற்கரையிலும் சந்தையடியிலும் விட்டுப்போகிறார்கள். பெரும் அநியாயம் அது. ஆறு மாதமளவில் கருத்தடை செய்த பெண் நாய் வீட்டை விட்டு அலையாது, குரைப்பதிலும் குறை வைக்காது.

மூன்றாம் கிழமை முதல் பதினான்காம் கிழமை வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுவதும் சாதாரணமாக ஏற்கும். குடை, ஓட்டோ, தலைக்கவசம் போட்டவர், தவழும் குழந்தை எல்லாவற்றையும் அந்த நாட்களில் காட்டுங்கள். ஊசி முடியாத குட்டியை வீதியில் இறக்காமல் கையில் தூக்கிக் காட்டலாம். அந்தக் கிழமைகளில் கட்டிப்போட்டு வளர்த்த நாய் காவல் காக்காது. பயத்தில் யாரையும் கடிக்கும், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையையே. கடிநாய் வேண்டுமென்று குட்டிக்கு மிளகாய் தீத்துவோரும் உண்டு. அதனால் குட்டியின் வயிறுதான் புண்ணாகும். நாய் சாப்பிடும்போது சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். படலை பூட்டியிருக்கட்டும், நாய் தீண்டுவதைத் தவிர்க்கும் அயலவரும் நம்மோடு வாழ்கிறார்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்கொல்லித் தொற்றுநோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பதினாறு கிழமை வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்துவதால்தான் பல குட்டிகள் சாகின்றன. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுப்பதுண்டு. வயல் பக்கத்து வீடுகளுக்கு எலிக்காய்ச்சல் ஊசியும் அவசியம், ஏனென்றால் நோயுற்ற நாயின் சிறுநீரால் அது மனிதருக்கும் தொற்றும். விசர்நாய் ஊசியை மூன்று மாதத்தில் போட்டு, வருடந்தோறும் திரும்பப் போட வேண்டும்.

விசர்நாய் ஊசி அரசாங்கத்தால் இலவசமாகவே போடப்படுகிறது. ஆனால் ஊசி போடும் குழு வந்துபோன பிறகுதான் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் பலருக்குச் செய்தி தெரிகிறது. மண்முனைத்துறைப் பாலம் தாண்டி நாயோடு பட்டணம் வர அவர்களால் இயலாது. திகதியையும் இடத்தையும் ஒரு கிழமைக்கு முன்பே கிராம சேவையாளர் மூலமும் கோயில் ஒலிபெருக்கியிலும் அறிவிக்க உரியவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். வயல் வேலைக்குப் போவோருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வசதியாக ஞாயிறு காலையில் வைத்தால் இன்னும் நல்லது.

மிருக வைத்தியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.