விதைக்கிழங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

தம்பியிடம் மஞ்சள் பையில் 8 சேப்பங்கிழங்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன். சமைத்துவிடாதே, விதைக்கு எடுத்து வைத்தது. கிணற்றடியில் இருக்குமே, யானைக்காது மாதிரி இலை, அதுதான். மாடியில் பெரிய தொட்டியாகப் பார்த்து, தொட்டிக்கு ஒன்று நடு. முளை மேலே பார்க்கணும். நாலு விரல் மண் மூடினால் போதும். அரிசி கழுவின தண்ணீரைக் கொட்டாமல் அதற்கு ஊற்று. ஈரம் காய்ந்தால் இலை ஓரம் கருகிவிடும். 6, 7 மாதத்தில் இலை பழுத்துச் சாயும், அப்போது தோண்டு. பச்சையாக வாயில் வைக்காதே. அதில் ஊசி ஊசியாக ஒரு உப்பு இருக்கிறதாம், தம்பி சொன்னான், அதுதான் தொண்டையை அரிக்கிறது. நன்றாக வேகவைத்துப் புளி சேர்.

வைகாசி 1 சிரசுத் திருவிழாவுக்கு நீ வரவில்லை. கெங்கையம்மன் சிரசு நம் தெரு திரும்பும்போது சித்தி "பாப்பா எங்கே" என்றாள். ஆபீசில் லீவு இல்லை என்றேன். நம் கிணற்று மோட்டாரே உன் சம்பளத்தில் போட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயோ போனில் "சாப்பிட்டேன், வைக்கிறேன்" என்கிறாய். பெற்றவளிடம் இவ்வளவுதானா? மாப்பிள்ளை ஊரில் இல்லை என்றாயாம் தம்பியிடம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

முளை மேலே பார்க்கணும், மறக்காதே. தண்ணீர் விடாமல் இருந்துவிடாதே.

தை மாசம் ராத்திரி ரயிலில் தனியாக வந்தாயே. பெரிய பெட்டி. ரெண்டு நாளைக்கு இவ்வளவு துணியா என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்து கேட்கவில்லை. மறுநாள் உனக்குப் பிடிக்குமே என்று இந்தக் கிழங்கைத்தான் வறுத்தேன். நீ சாப்பிட்டு முடிப்பதற்குள், "மாப்பிள்ளை தனியாக இருப்பாரே" என்றேன். கை கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டாய். பெட்டியை நீ திறக்கவே இல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் தெருவை நினைத்தேன் பாப்பா. தப்பு என்னுடையது.

நேற்றுத்தான் உங்கப்பாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் நடு ரூமில் இருந்த நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். இந்த இடுப்பு வலியோடு.

மாடியில் தொட்டி வைக்க இடம் இல்லையென்றால் கிழங்கை இங்கேயே எடுத்துக்கொண்டு வா. ஆடி வரைக்கும் நடலாம். எந்த ரயில் என்று மட்டும் சொல், ஸ்டேஷனுக்கு அப்பா வருவார். அந்தப் பெரிய பெட்டியையே கொண்டு வா.

அம்மா
குடியாத்தம்