கனமரச் சட்டகமும் சீலிங்கின் மறைவிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும்போது, மர உத்தரங்கள் எளிதில் தீப்பற்றும் என அஞ்சி அவற்றைப் பலகையால் மூடிவிடுவதை அடிக்கடி காண்கிறேன். ஆனால் தடித்த மரம் தீயில் வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. பொறியியல் கணக்கில், தீ படும் ஒவ்வொரு பக்கத்திலும் மணிக்கு ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் கரிவதாகக் கொள்வர். மெல்லிய சட்டத்தில், கரிந்தது போக மிஞ்சி நின்று பாரம் தாங்க மரம் இருக்காது. அதனால்தான் அமெரிக்க விதிகள், கனமரச் சட்டகத்தில் (தடித்த மரத் தூண்களும் உத்தரங்களும் கொண்ட கட்டமைப்பில்) தளம் தாங்கும் தூண் பெயரளவில், அதாவது இழைப்பதற்கு முந்தைய அளவில், பக்கத்துக்கு 8 அங்குலத்துக்கும், தள உத்தரம் 6 அங்குல அகலம், 10 அங்குல உயரத்துக்கும் குறையக் கூடாது என்கின்றன. (நம் முன்னோர் இட்ட செங்கால் எனும் மலேசியக் கடினமர உத்தரங்களையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.)

அளவைவிட முக்கியமானது, பாதுகாப்பில்லாத மறைவான இடைவெளி இருக்கக் கூடாது என்ற நிபந்தனை. சீலிங்குக்கு மேலுள்ள பொந்தில் மின்கம்பி தீப்பிடித்தால், அது கண்ணில் படுமுன் நெடுந்தூரம் பரவிவிடும். வெளியே தெரியும் இரும்பு இணைப்புகளும் கவலைக்குரியவை. சூடேறினால் இரும்பு மரத்துக்கு முன்பே தளர்ந்துவிடும். புதுப்பிப்பு வரைபடங்களை அங்கீகரிக்கும் அதிகாரிகள் இவ்விரண்டையும் நேரில் பரிசோதிக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு