நாள் முழுக்க பேசற ரேடியோ

அப்பிச்சி, நல்லா இருக்கீங்ளா? வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுங்ளா? போன்ல கேட்டா நல்லா இருக்கறேன் கண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லீட்டு அம்மாகிட்ட குடுத்தர்றீங்க, அதான் எழுதறேன், அம்மாவ படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

இங்க இங்கிலாந்துல நார்விச் பக்கம் ஒரு பெரியவர பாத்துக்கறேன்னு சொன்னேன்ல, அவரும் பண்ணையம் பாத்தவர்தானுங்க, கோதுமையும் சக்கரை எடுக்கற பீட்ரூட்டும் போட்டவரு. ஊட்ல டிவி இருக்குது ஆனா போடறதே இல்ல, சமையல்ரூம் ஜன்னல்ல ஒரு ரேடியோ, அதுல பிபிசி ரேடியோ ஃபோர், காத்தால ஆறு மணிக்கு போட்டா படுக்கற வரைக்கும் வெறும் பேச்சுதான். பாட்டு அபூர்வம், விளம்பரம் சுத்தமா கெடையாது. நீங்க அந்தக் காலத்துல போஸ்ட் ஆபீஸ்ல ரேடியோ லைசென்ஸ் கட்டுனேன்னு சொல்லுவீங்கல்ல, இங்கயும் இருந்துருக்குது, 1971ல எடுத்துட்டாங்களாம், இப்ப டிவி லைசென்ஸ் காசுலதான் ரேடியோவும் ஓடுது.

ஒம்பது வரைக்கும் நியூஸ். மணி அடிக்கறப்ப ஆறு தடவ பீப் வரும், கடைசி மட்டும் நீளமா இருக்கும், 1924ல இருந்து இந்த பீப் வருதாம், அதக் கேட்டுத்தான் நான் மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். பத்து மணிக்கு பொம்பளைங்களுக்குன்னு ஒரு மணி நேரம், 1946ல ஆரம்பிச்சப்ப ஒரு ஆம்பளதான் நடத்துனாராம், இப்ப பொம்பளைங்களே நடத்தறாங்க, டாக்டர்கிட்ட சொல்லக் கூச்சப்படறதெல்லாம் தைரியமா பேசறாங்க. அம்மா கேக்கோணும் அத.

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு தோட்டக் கேள்வி பதில், 1947ல இருந்து வருது. ஊர் ஊரா போயி ஒரு ஹால்ல உக்காந்து, ரோஜா எலை ஏன் கருகுது, தக்காளில ஏன் புழுன்னு சனங்க கேக்கக் கேக்க பதில் சொல்றாங்க. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. தென்னைல வண்டுன்னு நீங்க கோவை வானொலிக்கு கார்டு போட்டு, உங்க பேர வாசிச்சப்ப அம்மிச்சி அடுப்ப அப்படியே விட்டுட்டு ஓடியாந்தாங்கல்ல.

ராத்திரி ஏழு மணிக்கு ஒரு கிராமத்துக் கத, பதிமூணு நிமிசம், ஆர்ச்சர்ஸ்னு பேரு, இத சொல்லத்தான் லெட்டரே எழுதறேன் அப்பிச்சி. 1951ல நாடு முழுக்க ஆரம்பிச்சது, ரெண்டாம் உலகச் சண்ட முடிஞ்சும் ரேசன் தீரல, வெளச்சல் ஏத்தோணும், விவசாயிக்கு புத்தி சொன்னா கேக்க மாட்டான்னு கதைக்குள்ள வெச்சு சொல்லீருக்காங்க. இன்னமும் ஓடுது! மாடு கன்னு போடற சத்தம் வந்தா பெரியவர் ஸ்பூன கீழ வெச்சர்றாரு. தஞ்சாவூர்ல ஏடிடி 27 நெல்ல ரேடியோல கேட்டே போட்டாங்க, அதுக்கு ரேடியோ நெல்லுனே பேருன்னு நீங்க சொன்னத அவர்கிட்ட சொன்னேன், நெம்ப சந்தோசம், மக்யா நாள் அவர் பையன் போன் பண்ணப்ப அதத்தான் சொல்லீட்டு இருந்தாரு.

தூக்கம் வராத ராத்திரில பன்னெண்டே முக்கால் தாண்டி கப்பல்காரங்களுக்கு வானிலை வரும். கடல 31 துண்டா பிரிச்சு வைக்கிங்ல ஆரம்பிச்சு டாகர், ஃபிஷர், ஹம்பர், தேம்ஸ்னு காத்து எப்படி, மழ எப்படின்னு மெதுவா படிச்சுட்டே போறாங்க. பெரியவர் கப்பலே ஏறுனதில்ல. ஆனாலும் ஒத்த வார்த்த விடாம கேக்கறாரு. மொத ராத்திரி எனக்கு அழுக வந்துருச்சுங்க. பவானிசாகர் மொத்தம் 105 அடி, இன்னைக்கு இத்தன அடின்னு நியூஸ்ல வாசிக்கறப்ப சத்தம் போடாதீங்க புள்ளைங்களான்னு கைய தூக்குவீங்க, நம்ம தண்ணி அதோட முடிஞ்சாலும் மேட்டூரு வைகையெல்லாம் கேட்டுட்டுத்தான் கைய எறக்குவீங்க. அதே மூஞ்சி இவருக்கும். அது முடிஞ்சா தேசிய கீதம், அப்பறம் ஒரு மணில இருந்து உலக சேவை.

அம்மிச்சி போனதுக்கப்பறம் உங்க ரேடியோ அட்டாலில கெடக்குதுன்னு மாமா சொன்னாரு. அத எறக்குங்க அப்பிச்சி. கோபில குடுத்து சரி பண்ணச் சொல்லி மாமாகிட்ட காசு அனுப்பீருக்கறேன். முள்ளு 999ல இருந்து நவுரக்கூடாதுன்னு எங்கள எத்தன வெரட்டு வெரட்டுவீங்க. பொழுதோட விவசாயம் வர்றப்ப தம்பிய போன கிட்ட வெச்சு ரெக்கார்டு பண்ணி எனக்கு அனுப்பச் சொல்லுங்க, எடைல நீங்க பேசறதும் அதுல விழுகட்டும்.