மாப்ளைக்கு, வண்டி விஷயமா

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் எனக்கு மனசு ஆறுச்சு, அவர நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ ஹாஸ்டலுக்கு போனதுலேர்ந்து வீடே வெறிச்சோடி கெடக்கு, போன் பண்ணா ரெண்டு நிமிஷம் பேசிட்டு கிளாஸ் இருக்குன்னு வச்சிடறா.

சரி, கார் விஷயத்துக்கு வரேன். கையில இருக்கற காசுக்கு சின்னதா புதுசு வாங்கறதா, இல்ல கொஞ்சம் நல்லதா செகண்ட் ஹேண்ட் பாக்கறதான்னு கேட்டிருந்த. அதுக்கு முன்னாடி நீ முடிவு பண்ண வேண்டியது ஒன்னு இருக்கு, இந்த வண்டிய எத்தன வருஷம் வச்சிருக்க போற? எனக்கு தெரிஞ்சு எல்லா கணக்கும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது. புது வண்டி 100-க்கு வாங்குறேன்னு வை, ஷோரூம விட்டு வெளிய வந்த முதல் வருஷத்துலயே சாதாரணமா 15, 20 போயிடும், அஞ்சு வருஷத்துல பாதிக்கு வந்து நிக்கும். அப்ப வித்தேன்னா வருஷத்துக்கு 10 போச்சு. அதே வண்டிய மூணு வருஷம் ஓடினதா 65-க்கு வாங்கி எட்டு வருஷம் வச்சிருந்து 20-க்கு குடுத்தேன்னா வருஷத்துக்கு ஆறு கூட ஆகல. ரிப்பேருக்குன்னு நடுவுல கொஞ்சம் ஆகும்தான், அதையும் சேத்துக்கோ, அப்பவும் உனக்குதான் லாபம். புதுசுதான் வேணும்னா அதுவும் தப்பில்ல, ஆனா பத்து வருஷத்துக்கு மேல வச்சு ஓட்டுற மனசோட வாங்கு. மூணு வருஷத்துக்கு ஒருதடவ மாத்துறவன்தான் நெஜமா காச விடுறான்.

தவணைய நீட்டிக்காத டா. ஏழு வருஷம் போட்டா மாசம் கம்மியாதான் தெரியும், ஆனா வட்டி ஏறிட்டே போகும், வண்டி வெல அதவிட வேகமா எறங்கும். நடுவுல வித்தாகணும்னு வந்தா வண்டி காசுல கடன் அடையாது, மிச்சத்த கையிலேர்ந்து போடணும். நல்லா இருக்கற மனுஷங்க இதுல மாட்டிக்கிட்டு நிக்கறத பாத்திருக்கேன், மனசே கேக்காது.

எந்த மாடல்னு கேட்டா, ரோட்டுல நெறைய ஓடுற சாதா மாடலா பாரு. டொயோட்டா கொரோலாவையே எடுத்துக்கோ, 1966-ல வந்தது, 2021-க்குள்ள 5 கோடி வண்டி வித்தாச்சு, அப்படி ஒரு வண்டின்னா ஸ்பேர் எங்கயும் கெடைக்கும், அத கழட்டி மாட்ட தெரியாத மெக்கானிக்கும் இருக்க மாட்டான். இஞ்சின் டர்போ, அதான் காத்த அழுத்தி இஞ்சினுக்குள்ள தள்ற சாமான், அது இல்லாத பெட்ரோலா இருந்தா எனக்கு திருப்தி, பழசாக பழசாக கெட்டுப்போற சாமான் கம்மி. நீ ஓட்டுறது ஆபீசுக்கும் பசங்க ஸ்கூலுக்கும்தான, அதுக்கு டீசல் வேணவே வேணாம். இப்ப வர்ற டீசல்ல சைலன்சர் லைன்ல ஒரு பில்டர் இருக்கு, அதுல சேர்ற கரி எரியணும்னா வண்டி நல்லா சூடாகி கொஞ்ச தூரம் ஒரே சீரா ஓடணும், பக்கத்துல பக்கத்துல போய்ட்டு வந்தா அடச்சுக்கும், மாத்த போனா பெரிய செலவு. பெரிய வீல் இருக்கற டாப் மாடலுக்கும் ஆசைப்படாத, டயர் மாத்தும்போதுதான் தெரியும்.

போன மாசம் எங்க ஆபீஸ் பையன் ஒருத்தனுக்கு வண்டி பாக்க கூட போயிருந்தேன். பாலிஷ் போட்டு பளபளன்னு நிறுத்தி வச்சிருந்தாங்க. நான் போனதும் பானட்ல கைய வச்சேன், சூடா இருந்துச்சு. காலைல முதல் ஸ்டார்ட்ல வர்ற சத்தமும் பொகையும் நமக்கு தெரியக்கூடாதுன்னு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. அப்புறம் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாத்தேன், உள்ள சுருண்டு கெடந்த பாகத்துல ஒரு கோடு மாதிரி சேறு காஞ்சு போயிருந்துச்சு, வெள்ளத்துல முங்கின வண்டி. ஓடின கிலோமீட்டர் மீட்டர்ல கம்மியா காட்டுது, ஆனா பிரேக் பெடல் ரப்பர் நெறைய ஓடின வண்டி மாதிரி தேஞ்சு வழவழன்னு இருக்கு. வா போலாம்னு பையன கூட்டிட்டு வந்துட்டேன்.

நீயும் அப்படி பாரு. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319-னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. வண்டி வயசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னா ஏன்னு கேளு. டைமிங் பெல்ட் (வால்வ சரியான நேரத்துக்கு தெறந்து மூட வைக்கற ரப்பர் பெல்ட்) இஞ்சின்னா அத கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு பில்லோட காட்ட சொல்லு, பல இஞ்சின்ல அது ஓடும்போது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே காலி. கம்ப்யூட்டர் மாட்டி பாக்கும்போது எரர் ஒன்னுமே இல்லன்னாலும் உடனே சந்தோஷப்படாத, ரெடினெஸ்னு ஒரு எடம் இருக்கு, வண்டி தன்னத்தானே செஞ்சு பாக்கற டெஸ்ட் முடிஞ்சுதான்னு காட்டும், அதுல பல டெஸ்ட் இன்னும் முடியலன்னு காட்டினா இப்பதான் எரர அழிச்சிருக்கலாம், இல்ல பேட்டரி கழட்டி மாட்டியிருக்கலாம், கொஞ்ச நாள் ஓடட்டும்னு சொல்லிட்டு திரும்ப போய் பாரு. அப்புறம் விக்கறவனுக்கு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்குக்கு காசு குடுத்து லிப்ட்ல ஏத்தி கீழ பாக்க சொல்லு. அதுக்கு விக்கறவன் ஒத்துக்கலன்னா அங்க நிக்காத, வந்துடு.

இருக்கற காசு மொத்தத்தையும் வண்டியிலயே போட்டுடாத. பத்துல ஒரு பங்காவது தனியா வை, வாங்கின ஒடனே எல்லா ஆயிலும் கூலன்ட்டும் மாத்திடு, பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்து, அது காத்துலேர்ந்து ஈரத்த இழுக்கற சாமான். ஆட்டோமேட்டிக்னா கியர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு சொல்லுவாங்க, நீ நம்பாத, பத்து வருஷம் ஓட்ட போறவன் மாத்திதான் ஆகணும்.

தங்கச்சிய டெஸ்ட் டிரைவுக்கு கண்டிப்பா கூட்டிட்டு போ, பாதி நாள் அவதான ஓட்ட போறா, சீட் அவ ஒயரத்துக்கு சரியா வருதான்னு பாக்கணும்ல. எந்த வண்டி பிடிச்சாலும் சர்வீஸ் பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாத்து சொல்ற வரைக்கும் அட்வான்ஸ் குடுத்துடாத.

உன் மாப்ள