லெய்டனிலிருந்து அப்பாவுக்கு

லெய்டன்,
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் என்று நீங்கள் கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதை எழுதிச் சொன்னால்தான் சரியாக வரும்.

பள்ளியில் 'லெய்டன் செப்பேடுகள்' என்று படித்தோமே, ராஜராஜ சோழன் காலத்துச் செப்பேடு, அந்த லெய்டன்தான் நெதர்லாந்தில் இருக்கும் இந்த ஊர். சின்ன ஊர். எங்கே திரும்பினாலும் கால்வாய், எல்லாருக்கும் சைக்கிள். போன வாரம் அக்டோபர் 3 ஊர்த் திருவிழா. 1574இல் எதிரிகளின் முற்றுகை விலகிய நாள். அன்று ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் தின்பார்கள். நான் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் இயற்பியல் துறைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது குளிர். காமர்லிங் ஓனஸ் என்ற பேராசிரியர் 1908 ஜூலை 10 அன்று, உலகத்திலேயே முதல்முறையாக, ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே தொடங்கிய வேலை சாயங்காலம் வரை இழுத்தது. வெப்பமானியின் முள் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஆனால் கண்ணாடிக் கலத்துக்குள் எதுவும் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த வேதியியல் பேராசிரியர் ஒருவர், கீழேயிருந்து விளக்கு வைத்துப் பாருங்களேன் என்றாராம். வைத்தார்கள். திரவத்தின் மேல்விளிம்பு கத்தி முனைபோலத் தெரிந்தது. அத்தனை பாட்டுக்கும் கிடைத்தது 60 கன சென்டிமீட்டர். ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி. மூன்று வருஷம் கழித்து அதே குளிரில் பாதரசத்தை வைத்துப் பார்த்தபோது மின்தடை அடியோடு மறைந்தது. மீக்கடத்தல் என்று நான் படிப்பதெல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

ஆனால் அப்பா, உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது வேறு. அந்தக் கருவியைக் கட்டியது ஃபிளிம் என்ற பட்டறைத் தலைவர். கண்ணாடி ஊதியவர் கெஸ்ஸல்ரிங். நூறு வருஷம் கழித்தும் இருவர் பெயரும் பேராசிரியர் பெயரோடு சேர்ந்தே வருகிறது. நல்ல கைகள் இல்லாமல் நல்ல அளவீடு இல்லை என்று ஓனஸுக்குத் தெரிந்திருந்தது. 1901இலேயே கருவி செய்பவர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். நீல அங்கி போட்ட பையன்கள் லேத்தும் அரமும் பழகினார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

எங்கள் துறைப் பட்டறைக்கு முதல்நாள் போனபோது கட்டிங் ஆயில் வாசனை அடித்தது. கோயம்புத்தூர் கணபதியில் நம் பட்டறை வாசலில் நிற்பதுபோலவே இருந்தது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அங்கே வயதான ஒருவர் இருக்கிறார். முதல் வருஷம் நான் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து, துளைக்குள் உட்காரும் இந்தப் புஷ் டெஃப்ளான் பிளாஸ்டிக்கில் எதற்கு என்று கேட்டார். நான் பிடிவாதமாகச் செய்து வாங்கினேன். தாமிரத் துளைக்குள் அத்தனை கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாள் குளிர்வித்த பிறகு பார்த்தால் கருவி காட்டும் அளவீடு தாறுமாறாக ஆடுகிறது. தாமிரம் நூற்றுக்கு 0.3 பங்குதான் சுருங்கும், டெஃப்ளான் சுமார் 2 பங்கு. 20 மில்லிமீட்டர் புஷ் 0.4 மில்லிமீட்டர் சுருங்கி, துளைக்குள் லொடலொடவென்று ஆட்டம் கண்டுவிட்டது. சூடாக்கி, பிரித்து, மறுபடி பூட்டக் கிட்டத்தட்ட ஒரு வாரம் போயிற்று. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்தை என்னோடு சேர்ந்து திருத்தினார். முழுவதும் தாமிரத்திலேயே செய்தோம்.

பாடம் நடத்துவதும் என் வேலையில் சேர்த்தி. வாரம் ஒரு மதியம் முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு. நான் படித்த கல்லூரியில் நல்ல கருவியெல்லாம் பூட்டிய அலமாரியில்தான் இருக்கும். இங்கே பதினெட்டு வயசுப் பிள்ளைகள் கழற்றிப் பார்க்கிறார்கள். ஒரு பெண், "நீங்கள் போர்டில் எழுதியது தப்பு" என்று நேராகச் சொன்னாள். முகம் சுருங்கிவிட்டது எனக்கு. ஆனால் அவள் சொன்னது சரி. திருத்திவிட்டு நன்றி சொன்னேன். இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் நாக்கு வரமாட்டேன் என்கிறது. காலையில் காபிக்குப் பட்டறைக்காரர், பேராசிரியர், நான் எல்லாரும் ஒரே மேஜை. பிறந்தநாள் என்றால், கொண்டாடுகிறவர்தான் எல்லாருக்கும் கேக் வாங்கி வரவேண்டும். என் முறைக்கு அம்மா சொன்ன பக்குவத்தில் ரவா கேசரி செய்தேன், பத்து நிமிஷத்தில் பாத்திரம் காலி.

புதன்கிழமை சாயங்காலங்களில் ஒரு கூட்டம் நடக்கும். 1912இல் இங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த எஹ்ரன்ஃபெஸ்ட் தொடங்கியது. பேச வருகிறவர்கள் சுவரில் கையெழுத்துப் போடுவது வழக்கம், ஐன்ஸ்டைன் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

போன மாதம் எங்கள் குழுவில் ஒருவருக்கு முனைவர் பட்டத் தேர்வு. சரியாக 45 நிமிஷம் கேள்வி. கோலோடு ஒருவர் உள்ளே வந்து லத்தீனில் "நேரமாயிற்று" என்றதும் பாதி வாக்கியத்தில்கூட நிறுத்திவிடலாம். அதற்கு முன்னால் காத்திருக்கும் சின்ன அறைக்குப் பெயரே 'வியர்வை அறை'. இங்கே வியர்த்தான், வீணாக அல்ல என்று அங்கே எழுதியிருக்கிறது. சுவர் நிறையத் தேறியவர்களின் கையெழுத்து. அவருடைய ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நன்றி சொன்ன இடத்தில் பட்டறைக்காரர்கள் பெயர் ஒவ்வொன்றாக இருந்தது.

என் பட்டமளிப்பு விழாவில் நீங்கள் விரல் ரேகையில் நின்ற கிரீஸ் தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றீர்கள். அந்தப் போட்டோ என் மேஜையில் இருக்கிறது. பட்டறைப் பெரியவர் பார்த்து, அப்பா என்ன வேலை என்று கேட்டார். கோயம்புத்தூரில் லேத், பம்ப் உதிரிபாகம் என்றேன். என்ன லேத், எத்தனை அடி பெட் என்று அடுத்தடுத்துக் கேட்டார். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. எழுதி அனுப்புங்கள். மெல்லிய சுவர் உள்ள தாமிரக் குழாயை லேத்தின் பிடியான சக்கில் நசுங்காமல் எப்படிப் பிடிப்பீர்கள் என்றும் கேட்கச் சொன்னார்.

டிசம்பரில் வருகிறேன். அந்தத் தாமிரப் புஷ்ஷில் ஒன்று கூடுதலாகச் செய்து கொடுத்திருக்கிறார். கொண்டு வருகிறேன், உங்கள் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்