குரூப் இல்லாத ஊரிலிருந்து

கலிஃபோர்னியா,
பிப்ரவரி 8

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் போட்டோக்களும் கிடைத்தன. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறது என்று அம்மா சுருண்டு படுத்துக்கொள்வார், நீதான் கண்டிப்பாக இருக்க வேண்டும். கல்யாண போட்டோவில் பச்சைப் பட்டில் நிற்பது நம்ம சரசுதானே? ஒரு சுருக்கம் விழவில்லை அவளுக்கு. அந்த முறைப்பும் அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உன்னிடம் போனில் பேசினால் நடுவில் பால்காரர் வருகிறார், கேஸ்காரர் வருகிறார், கார்த்தி சார்ஜர் எங்கே என்று வருகிறான். இன்றைக்கு நான் முழுசாகப் பேசியாக வேண்டும். நீ எழுதியிருந்த ஒரு வரிதான் காரணம். "பதினொன்றாவதுக்கு உங்கள் ஊரில் குரூப்பே கிடையாதாமே, பிடித்த பாடத்தை எடுத்துக்கொள்ளலாமாமே, கொடுத்துவைத்த பிள்ளைகள்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் இரவு பதினொன்றரை வரை பாடத் தேர்வுச் சண்டை.

நிலா இப்போது பத்தாவது. இங்கே ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பள்ளி. பதினொன்றாவதை ஜூனியர் வருடம் என்பார்கள். ஆகஸ்டில் தொடங்கப்போகும் வகுப்புக்கு இப்போதே, பிப்ரவரியிலேயே, பாடங்களை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குரூப் கிடையாது, உண்மைதான். அதனால் ஒரே ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் ஆறு முடிவு. ஒரு நாளைக்கு ஆறு பீரியட். ஆங்கிலம், அமெரிக்க வரலாறு இரண்டும் கட்டாயம், கணக்கும் அறிவியலும் விட முடியாது, மிச்சம் இரண்டு. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பா, கொஞ்சம் கடினமான ஆனர்ஸா, ஏ.பி.யா என்று தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். ஏ.பி. என்பது கல்லூரி முதல் வருடப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பது. மே மாதம் நாடு முழுக்க ஒரே பரீட்சை, ஐந்துக்கு மார்க். தாளின் அடியில், கேட்டது கிடைக்காவிட்டால் வேறு என்ன வேண்டும் என்று இரண்டு கட்டம் விட்டிருக்கிறார்கள். எந்தப் பாடத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணித்தான் எத்தனை செக்ஷன், எத்தனை ஆசிரியர் என்று பள்ளி முடிவு செய்யும். ஆகையால் அப்புறம் மனசு மாறினால் இடம் கிடைப்பது கஷ்டம்.

சரி, பதினொன்றாவதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பாய். இங்கே பன்னிரண்டாவது முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பன்னிரண்டாவது பாதியிலேயே கல்லூரி விண்ணப்பம் போய்விடும். அன்றைக்குக் கையில் இருக்கிற கடைசி முழு வருட மார்க் பதினொன்றாவது மார்க்தான். எங்கள் மாநிலத்தின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் எல்லாம் சேர்ந்தது, ஒன்பதாவது மார்க்கைச் சராசரியில் சேர்ப்பதே இல்லை; பத்தும் பதினொன்றும்தான் கணக்கு. கல்லூரியில் சேருவதற்கென்று எழுதுகிற எஸ்.ஏ.டி. பரீட்சையையும் அவர்கள் பார்ப்பதில்லை. எம்.ஐ.டி. 2022-லும் ஹார்வர்டு 2024-லும் எஸ்.ஏ.டி. மறுபடி வேண்டும் என்று சொல்லிவிட்டதால் அதையும் விட முடியாது. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான பி.எஸ்.ஏ.டி., அதாவது எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டப் பரீட்சை, அக்டோபரில், அதுவும் பதினொன்றாவதில்தான். எல்லாவற்றையும் அந்தப் பத்து மாதத்தில் கொண்டுவந்து திணித்திருக்கிறார்கள்.

சண்டை எதற்கென்றால், ஒரு கோடை வகுப்புக்கு. நிலா இப்போது படிப்பது அல்ஜீப்ரா 2. முறைப்படி பதினொன்றாவதில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். இவர் என்ன சொல்கிறார் என்றால், பிரீகால்குலஸைக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிட்டால் ஆகஸ்டில் நேராக ஏ.பி. கால்குலஸ் பி.சி.யில் உட்காரலாம், கால்குலஸ் இருந்தால் அதை வைத்துப் படிக்கிற ஏ.பி. ஃபிசிக்ஸ் சி எடுக்கலாம், இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் அது இரண்டும் கண்ணில் படும். இங்கே நிறையப் பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்கள். பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தால் காலையிலிருந்து இதே பேச்சு: உன் பெண் எத்தனை ஏ.பி., என் பையன் ஐந்து.

மல்லிகா, நான் கணக்கு படித்தவள். ஒரு வருடப் பாடத்தை ஏழெட்டு வாரத்தில் அடைப்பது எனக்குச் சம்மதமே இல்லை. போன வாரம் லாகரிதம் போட்டுக்கொண்டிருந்தாள். log(x+3) என்பதை log x + log 3 என்று பிரித்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "x-க்கு 1 போட்டுப் பார்" என்று மட்டும் சொன்னேன். போட்டாள். இடது பக்கம் log 4, வலது பக்கம் வெறும் log 3. பென்சிலை வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளாகவே பெருக்கலுக்குப் போனாள், log 3x-ஐப் பிரித்தாள், எங்கே கூட்டலாம் எங்கே கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆனது. இனி வாழ்நாளில் அந்தத் தப்பு வராது. கோடை வகுப்பில் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. அன்று காலை ஒரு பாடம், மறுநாள் காலை அதன் மேல் இன்னொரு பாடம், வெள்ளிக்கிழமை பரீட்சை. திரிகோணமிதியை அப்படிக் கடந்த பிள்ளை கால்குலஸில் சைனை வகையிடும்போது சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும். கல்லூரியில் ட்யூஷன் எடுத்த நாட்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், அடியில்தான் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இவர் போட்ட பட்டியலில் செராமிக்ஸுக்கு இடம் இல்லை. பானை, கிண்ணம் வனையும் வகுப்பு. கலைப் பாடம் ஒரு வருடம் போதும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி, அதை இந்த வருடத்தோடு முடித்துவிடுகிறாள். ஆகையால் இரண்டாவது வருடம் எடுப்பதற்கு விண்ணப்பத்தில் மதிப்பில்லை என்கிறார்கள். நீ அவளைச் சக்கரத்தின் முன்னால் பார்க்க வேண்டும். பள்ளியில் பெற்றோருக்கான மாலை நிகழ்ச்சிக்குப் போனபோது பார்த்தேன். இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றி, ஒரு விரல் உள்ளே ஒரு விரல் வெளியே வைத்து, மூச்சுக்கூட விடாமல் களிமண்ணை மேலே இழுக்கிறாள். சுவர் எழும்புகிறது. கொஞ்சம் அழுத்தினால் சரிந்துவிடும். சரிந்தது. சலித்துக்கொள்ளாமல் அள்ளி உருட்டி மறுபடி நடுவில் வைத்தாள். வீட்டில் ஒரு ஷூ லேஸ் அறுந்தால் அழுகிற பெண் அவள்.

வரலாறும் அப்படித்தான். ஏ.பி. அமெரிக்க வரலாறு எடுக்கவே கூடாது, படிக்கவே நேரம் போய்விடும், கையெழுத்து மறந்துபோகிற அளவு எழுத வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். பரீட்சை மூன்றேகால் மணி நேரம். ஒரு கேள்விக்கு ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை வைத்து வாதம் கட்டி எழுதச் சொல்வார்கள். நிலாவுக்கு அதுதான் வேண்டுமாம். சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டாள், "பகத் சிங் திண்ட் யார் தெரியுமா?" முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபிக்காரர். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் வெள்ளையர் இல்லை, எனவே குடியுரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. 1946-ல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது, அதுவும் வருடத்துக்கு நூறு பேர் உள்ளே வரலாம் என்ற கணக்கில். 1965 குடியேற்றச் சட்டம் வராவிட்டால் நாமெல்லாம் இங்கே இல்லை. உங்கள் கிரீன் கார்டு வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்றால் எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற 1990 சட்டம்தான் காரணம் என்று தட்டில் சாதம் ஆற ஆறச் சொல்லிக்கொண்டே போனாள். இவர் பதினாறு வருடமாக அந்த வரிசையில் நிற்கிறார். அவருக்கு இதை யாரும் இப்படி எடுத்துச் சொன்னதில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளி தொடங்குவதற்கு முன்னால் வைக்கிற ஜீரோ பீரியடில் ஒன்றைப் போட்டால் ஏழு பாடம் எடுக்கலாமே என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் தூங்கட்டும் என்று 2022-லிருந்து இங்கே உயர்நிலைப்பள்ளி காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். ஜீரோ பீரியடுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு. சட்டம் போட்டுக் கொடுத்த தூக்கத்தை நாம் பிடுங்குவதா?

இவரைத் தப்பாக நினைக்காதே. ஆசைப்பட்டுச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். போன வருடம் இவர் வேலை பார்க்கும் இடத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது பக்கத்து மேசைக்காரர் மதியத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பெண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்ற நினைப்பு இவரை விடவில்லை. அந்த இரவு நாங்கள் பேசியதில் பாதி அதைப் பற்றித்தான். கடைசியில் பல்கலைக்கழக விதியை எடுத்து இருவரும் உட்கார்ந்து படித்தோம். ஏ.பி. வகுப்பில் ஏ வாங்கினால் நான்குக்குப் பதில் ஐந்து புள்ளி, சரி. ஆனால் அந்தக் கூடுதல் புள்ளியை எட்டு செமஸ்டருக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. அதாவது வருடம் முழுக்கப் படிக்கிற பாடம் நான்கு. கணக்கு மூன்று வருடம் கட்டாயம், நான்கு இருந்தால் நல்லது. பன்னிரண்டில் கால்குலஸ் படித்தாலே அது நிறைந்துவிடும். இன்ஜினியரிங்கில் சேர பதினொன்றாவதிலேயே கால்குலஸ் முடித்திருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வாட்ஸ்ஆப் குழுவில்தான் எழுதியிருக்கிறது.

உனக்கு வசந்தி ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் இந்த ஒரு வாரமாக அவள் நினைப்புதான். மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து பதினாறு மண்டபத்தையும் காட்டிக் காட்டி கோவிந்த தீட்சிதர் கதை சொல்வாளே. பத்தாவதில் சமூக அறிவியலில் அவள்தானே முதல். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு மூன்றாவது குரூப்பா?" என்று ஒரு கேள்வி, அவள் அப்பா ஃபாரத்தில் ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதிவிட்டார். லேபில் தவளை அறுத்த அன்றைக்கு நடந்ததை நீயும் நானும் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் நுழைவுத் தேர்வு, முந்நூறுக்குக் கட்-ஆஃப், அழுகை. இன்று வங்கியில் நல்ல வேலையில்தான் இருக்கிறாள், குறையொன்றும் இல்லை. ஆனால் போன மாதம் பேசினபோது அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அந்தக் குரலை நான் முப்பது வருடமாகக் கேட்கவில்லை மல்லிகா. அந்த ஃபாரம் நிரப்பிய அன்றைக்கு அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று முடிவாகிவிட்டது. ஆங்கிலம் சாதாரண வகுப்பு, பிரீகால்குலஸ் ஆனர்ஸ், ஏ.பி. ஃபிசிக்ஸ் 1 (அதற்குக் கால்குலஸ் வேண்டாம்), ஏ.பி. அமெரிக்க வரலாறு, ஸ்பானிஷ் மூன்றாவது வருடம், செராமிக்ஸ் இரண்டு. கோடை வகுப்பு இல்லை, ஜீரோ பீரியட் இல்லை. இவரே கையெழுத்துப் போட்டார். அடியில் இருந்த இரண்டு கட்டத்தில் ஒன்றில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று எழுதச் சொன்னார், நிலா எழுதினாள். அந்த மட்டில் இருவருக்கும் சந்தோஷம்.

இப்போது உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். கார்த்தி இன்னும் பப்ளிக்கே எழுதவில்லை, அதற்குள் அட்வான்ஸ் கட்டி பயோ மேத்ஸில் இடம் பிடித்து வைத்திருக்கிறாய். நீட் எழுதினாலும் எழுதலாம், இன்ஜினியரிங்கும் போகலாம், இரண்டுக்கும் வழி இருக்கும் என்று எழுதியிருந்தாய். சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கடிதம் நான்கு பக்கத்திலும் அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. தெருவில் எல்லார் வீட்டு வண்டிக்கும் கணக்கு வைத்துக்கொண்டு, மைலேஜ் போட்டு, எது லாபம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறான் என்று நீதானே போன தடவை சொல்லிச் சிரித்தாய்? எனக்குச் சிரிப்பு வரவில்லை. காமர்ஸ், அக்கவுண்டன்சி பற்றி அவனிடம் ஒரு தடவை பேசிப் பார். பரீட்சை முடியட்டும், இப்போது வேண்டாம். ரிசல்ட் வருவதற்கு முன்னால் பேசு. ரிசல்ட் வந்தபிறகு மார்க்தான் பேசும், அவன் பேச மாட்டான். உன் வீட்டுக்காரரிடம் நான் வேண்டுமானால் சொல்கிறேன், என் பேச்சை அவர் தட்டமாட்டார்.

கோடை வகுப்பு இல்லை என்று ஆனதால் ஜூன் மூன்றாவது வாரம் நானும் நிலாவும் வருகிறோம். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே மண்பாண்டம் செய்பவர்கள் யாராவது சக்கரத்தில் அவளை உட்காரவிடுவார்களா என்று விசாரித்து வை. வசந்தியிடமும் தேதியைச் சொல்லிவிடு. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்
கல்யாணி