கதவைப் பூட்டச் சொன்னவர் "எங்கள்" என்று சொல்லச் சொன்னார்

யாங்கோன்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். ஸ்தோத்திரம்.

மத்தேயு 6:6 கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறது, அப்போஸ்தலர் 2:42 எல்லாரும் கூடி ஜெபித்ததாகச் சொல்கிறது, எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். ஒரே அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கிற உனக்குப் பூட்டக் கதவே இல்லை, புரிகிறது.

முதலில் நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில், மத்தேயு 6:5 முதல் 9 வரை எடுத்து, "நீ" வருகிற இடத்துக்கும் "நீங்கள்" வருகிற இடத்துக்கும் பென்சிலால் கோடு போடு. 6ஆம் வசனம் "நீயோ" என்று தொடங்கும். 7இல் "நீங்கள்" ஆகிவிடும். 9இல் "எங்கள் பிதாவே" வந்துவிடும். இக்கால ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல்தான், அதனால் உன் தோழிகளுக்கு இது கண்ணில் படாது. அறைக்குள் தனியாக இருந்தாலும் வாயில் வர வேண்டியது "எங்கள்". "என்" இல்லை.

6ஆம் வசனத்தில் கதவைப் பூட்டச் சொல்கிற "அறைவீடு" என்பதற்குக் கிரேக்க மூலத்தில் தமெய்யோன். லூக்கா 12:24இல் காகங்களுக்குப் "பண்டசாலையுமில்லை" என்று இயேசு சொல்கிறாரே, அங்கேயும் இதே சொல்தான். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் கிடக்கிற அறை என்று வைத்துக்கொள். யாரும் உட்கார வராத இடம், அவ்வளவுதான்.

5ஆம் வசனத்தில் குற்றம் தெருச் சந்தியில் இல்லை, "மனுஷர் காணும்படியாக" என்பதில் இருக்கிறது. மாயக்காரன் என்பதற்கு அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் நாடக நடிகனுக்கு உரியது. "பலனை அடைந்துதீர்ந்தது" என்பதும் அந்தக் காலப் பற்றுச்சீட்டில் எழுதுகிற சொல்: முழுத்தொகை வாங்கியாயிற்று, இனி பாக்கி இல்லை. நம் ஊரில் 1819இல் அமெரிக்க மிஷனரி ஜட்சன் சாலையோரம் ஸாயாத், அதாவது வழிப்போக்கர் தங்கும் திறந்த மண்டபம், போட்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கத்தான் ஆராதனை நடத்தினார். தெருவோரம் என்பதாலேயே அது வேஷமாகிவிடாது. மாறாக, லூக்கா 18:11இல் பரிசேயன் நம் பைபிள்படி "தனக்குள்ளே" ஜெபிக்கிறான். சத்தமே இல்லை, ஆனாலும் பெருமைதான்.

உண்மையில் சிக்கலான வசனம் யோவான் 11:42. லாசருவின் கல்லறையில், சுற்றி நிற்கிற ஜனங்களுக்காகவே இதைச் சொன்னேன் என்று இயேசுவே ஜெபத்துக்குள் சொல்கிறார். பிறர் கேட்கும்படி ஜெபிப்பது தப்பு என்று மட்டும் பிடித்துக்கொண்டால் இங்கே மாட்டிக்கொள்வாய். கேட்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கவேண்டும் என்பதற்காகப் பேசுவது வேறு, அவர்கள் பிதாவை நம்பவேண்டும் என்பதற்காகப் பேசுவது வேறு. இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

"இரண்டுபேராவது மூன்றுபேராவது" தம் நாமத்தில் கூடினால் அங்கே இருப்பேன் என்று இயேசு சொல்கிற மத்தேயு 18:20 பற்றியும் கேட்டாய். அது கூட்டத்துக்கு எத்தனை பேர் வரவேண்டும் என்கிற கணக்கு இல்லையம்மா. 15இலிருந்து வாசி, தவறு செய்த சகோதரனைத் திருத்துகிற விஷயம் அது. இரண்டு மூன்று சாட்சி என்பது உபாகமம் 19:15.

இனி உன் அறை. 1 சாமுவேல் 1:13இல் அன்னாள் ஆலயத்தில், ஆசாரியன் ஏலி பார்த்துக்கொண்டிருக்க, உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். சத்தம் வெளியே வரவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி அப்படிச் செய், போதும். மனம் அலைந்தால் உதட்டை அசைப்பது பிடித்து நிறுத்தும். ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தார். உன் அறைத்தோழிகள் என்ன நினைத்தாலும் அதைவிட மோசமாக இருக்காது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீ ஜெபிக்க நேர்ந்தால் 1 கொரிந்தியர் 14:16ஐ நினை: கேட்கிறவருக்குப் புரிந்தால்தான் அவர் ஆமென் சொல்ல முடியும். அதனால் பர்மியர் இருந்தால் பர்மிய மொழியில் ஜெபி, தமிழ் உனக்குச் சரளம் என்று தமிழில் ஓட்டாதே. இரண்டு நிமிஷத்தில் முடி. அடிக்கடி கெடுகிற இடம் ஒன்று உண்டு: கூட்டத்தில் இருக்கிற ஒருத்தியின் குறையை "ஆண்டவரே, அவளைத் திருத்தும்" என்று சொல்லிவிடுவது. அது ஜெபத்தில் ஒளிந்த வம்பு. யாருடைய நோயையும் கடனையும் அவரைக் கேட்காமல் பெயர் சொல்லி ஜெபிக்காதே. அதற்குத்தான் பண்டசாலை இருக்கிறது.

அம்மா விசாரித்தாள். அடுத்த கடிதத்தில் மத்தேயு 6:7இன் வீண்வார்த்தையையும், 26:44இல் இயேசுவே மூன்று தரம் அதே வார்த்தைகளைச் சொன்னதையும் எடுத்துக்கொள்வோம்.

அப்பா